காருக்கு ஒரு தண்ணீர்ப் பந்தல்!

ஆக்ஸ்போர்டு நகரசபை தன் நிலத்தில் செய்த காரியம்

அந்தக் காலத்தில் மாட்டு வண்டியில்தான் பயணம். நாள் முழுவதும் வண்டி இழுத்த மாடு களைத்துப் போகும். வாயில் நுரை தள்ளும்.

ஊர் எல்லையில், சாலை ஓரமாக, ஒரு குளம் இருக்கும். அருகில் சத்திரம் இருக்கும். தலைச்சுமையை இறக்கி வைக்கச் சுமைதாங்கிக் கல் இருக்கும். கோடை வந்தால் தண்ணீர்ப் பந்தலும் இருக்கும்.

வண்டிக்காரர் மாட்டை அவிழ்த்து விடுவார். மாடு தண்ணீர் குடிக்கும். சிறிது நேரம் நிழலில் நிற்கும். பிறகு வண்டி கிளம்பும்.

மாட்டு வண்டி போயிற்று. மோட்டார் கார் வந்தது. குளத்துக்குப் பதில் பெட்ரோல் பங்க் வந்தது.

இப்போது மின்சாரக் கார் வந்துகொண்டிருக்கிறது. அதற்குப் பெட்ரோல் வேண்டாம். பேட்டரியில் மின்சாரம் ஏற்றினால் போதும், ஓடும்.

ஆனால், மின்சாரத்தை எங்கே ஏற்றுவது?

வீட்டில் கார் நிறுத்த இடம் உள்ளவருக்குக் கவலை இல்லை. இடம் இல்லாதவர் என்ன செய்வார்?

இந்தக் கேள்விக்கு இங்கிலாந்தில் ஒரு நகரசபை பதில் சொல்லி இருக்கிறது. "என் நிலத்துக்கு வாருங்கள்" என்பதே அந்தப் பதில்!

அம்பாசிடரின் தாய் வீடு

அந்த ஊரின் பெயர் ஆக்ஸ்போர்டு. லண்டனில் இருந்து சுமார் 90 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. 2021-ல் எடுத்த கணக்குப்படி அங்கே சுமார் 1 லட்சத்து 62 ஆயிரம் பேர் வசிக்கிறார்கள்.

ஆக்ஸ்போர்டு என்றதும் பல்கலைக்கழகம்தான் நினைவுக்கு வரும். ஆனால் அது கார் செய்த ஊரும்கூட.

வில்லியம் மாரிஸ் என்று ஒருவர் அங்கே இருந்தார். முதலில் சைக்கிள் ரிப்பேர் செய்து பிழைத்தார். பிறகு கார் செய்யத் தொடங்கினார். 1913-ல் அவருடைய முதல் கார் வெளியே வந்தது. அதற்குத் தன் ஊரின் பெயரையே வைத்தார். "மாரிஸ் ஆக்ஸ்போர்டு" என்பது அந்தக் காரின் பெயர்.

அந்த வரிசையில் பின்னால் வந்த ஒரு காரைப் பார்த்துத்தான், 1950-களின் கடைசியில் நம் நாட்டில் அம்பாசிடர் கார் செய்தார்கள். மந்திரியும் அதில் போனார். கல்யாண மாப்பிள்ளையும் அதில் போனார். 2014 வரை அந்தக் கார் தயாரானது. அம்பாசிடரின் தாய் வீடு ஆக்ஸ்போர்டுதான்!

காரால் வளர்ந்த ஊர் அது. காரின் புகையால் அவதிப்பட்ட ஊரும் அதுவே. பழங்காலத்துக் குறுகிய தெருக்கள். அவற்றில் வண்டிகள் நெருக்கிக்கொண்டு நின்றால் புகை எங்கே போகும்?

2022 பிப்ரவரி 28-ந்தேதி அங்கே ஒரு புதிய கட்டுப்பாடு வந்தது. நகரின் நடுவே உள்ள சில தெருக்களில், பகல் நேரத்தில், புகை விடும் வண்டி நுழைந்தால் கட்டணம். தொடங்கிய ஆண்டில் அந்தக் கட்டணம் ஒரு நாளைக்கு 2 பவுன் முதல் 10 பவுன் வரை இருந்தது. புகை விடாத மின்சாரக் காருக்குக் கட்டணம் கிடையாது.

"மின்சாரக் கார் வாங்கு" என்று சொல்லியாயிற்று. சரி. வாங்கியவர் அதற்கு மின்சாரம் ஏற்ற வழி வேண்டாமா?

மாடி வீட்டுக்காரர் கதை

ஒரு டாக்சி டிரைவரை நினைத்துப் பாருங்கள். அவர் குடியிருப்பது மூன்றாவது மாடி. கார் தெருவில் நிற்கிறது. இன்று இந்த வீட்டு வாசலில் இடம் கிடைக்கும். நாளை நான்கு வீடு தள்ளிக் கிடைக்கும்.

மூன்றாவது மாடியில் இருந்து காருக்கு வயர் விட முடியுமா? விட்டாலும் அது நடைபாதையில் கிடக்கும். கண் தெரியாதவர் தடுக்கி விழுவார். குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளி வரும் தாய் எப்படிப் போவார்?

இது ஒருவர் இருவர் கஷ்டம் அல்ல. பிரிட்டனில் சுமார் மூன்றில் ஒரு பங்குக் குடும்பங்களுக்கு வீட்டோடு சேர்ந்த கார் நிறுத்தும் இடம் இல்லை. ஆக்ஸ்போர்டில் வரிசை வரிசையாக ஒட்டிக் கட்டிய பழைய வீடுகள் ஏராளம். கதவைத் திறந்தால் தெருதான்.

தெருவாசிகளுக்காக அந்த மாவட்ட சபை ஒரு வழியைச் சோதித்துப் பார்த்தது. நடைபாதையின் குறுக்கே கையளவு வாய்க்கால் வெட்டினார்கள். வயரை அதற்குள் படுக்க வைத்தால் யாரும் தடுக்கி விழ மாட்டார்கள். தரை வீட்டுக்காரருக்கு இது உதவும். மாடி வீட்டுக்காரருக்கு?

அவருக்கு வேண்டியது பொது இடம். அதுவும் வேகமாக மின்சாரம் ஏறும் இடம். டாக்சி டிரைவர் மணிக்கணக்கில் காத்துக்கொண்டிருந்தால் அன்றைய வருமானம் என்ன ஆவது?

இஸ்திரிப் பெட்டிக் கணக்கு

வேகம் என்றால் என்ன? இஸ்திரிப் பெட்டியை வைத்துக் கணக்குப் பார்ப்போம்.

வீட்டில் உள்ள இஸ்திரிப் பெட்டி சுமார் 1 கிலோவாட் மின்சாரம் இழுக்கும். அது ஒரு மணி நேரம் சூடாகிக்கொண்டே இருந்தால் 1 யூனிட் செலவாகும்.

ஒரு நடுத்தர மின்சாரக் காரின் பேட்டரியில் சுமார் 60 யூனிட் பிடிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிரிட்டனில் வீட்டில் பொருத்தும் சார்ஜ் கருவி 7 கிலோவாட். அதாவது, ஏழு இஸ்திரிப் பெட்டி. அதில் 60 யூனிட் ஏற எட்டரை மணி நேரம் ஆகும். இரவு படுக்கும்போது மாட்டினால் காலையில் நிறைந்திருக்கும்.

வேகமான சார்ஜ் கருவியோ 300 கிலோவாட் வரை தரும். முன்னூறு இஸ்திரிப் பெட்டி ஒன்றாகச் சூடாவது போல!

எல்லாக் கார்களும் அந்த முழு வேகத்தைத் தாங்காது. தாங்கும் கார் ஆனாலும், பேட்டரி நிறைய நிறைய வேகம் குறையும். பஸ்சில் ஆள் ஏறுவதைப் போலத்தான். முதலில் ஏறுகிறவர்கள் சட்டென்று உட்கார்ந்துவிடுவார்கள். கடைசியில் ஏறுகிறவர் எங்கே இடம் என்று தேட வேண்டும்.

ஆகவே நூற்றுக்கு எண்பது பங்கு நிறைந்ததும் புறப்படுவது வழக்கம். நல்ல கார் என்றால் இருபது, முப்பது நிமிடத்தில் அந்த அளவு ஏறிவிடும். ஒரு டீ குடித்து, பத்திரிகை படித்து முடிக்கும் நேரம்!

ஊர் எல்லையில் ஒரு மைதானம்

ஆக்ஸ்போர்டின் தெற்கு எல்லையில் ரெட்பிரிட்ஜ் என்று ஓர் இடம். நகரைச் சுற்றி ஓடும் பெரிய சாலையை ஒட்டி இருக்கிறது. அங்கே நகரசபைக்குச் சொந்தமான பெரிய கார் நிறுத்தும் மைதானம் உண்டு.

வெளியூரில் இருந்து வருகிறவர்கள் தங்கள் காரை அங்கே விடுவார்கள். பஸ் ஏறி நகருக்குள் போவார்கள். தெருக்களில் நெரிசல் குறையும். 1973-ல் இந்த ஏற்பாடு அங்கே தொடங்கியது. ஆயிரத்துக்கு மேற்பட்ட கார்கள் நிற்கக் கூடிய இடம் அது.

அந்த மைதானத்தின் ஒரு பகுதியைத்தான் நகரசபை மின்சாரக் கார்களுக்கு ஒதுக்கியது.

2022 ஜூலை மாதம் 5-ந்தேதி அந்த நிலையம் திறக்கப்பட்டது. ஐரோப்பாவிலேயே அதிகச் சக்தி உள்ள சார்ஜ் நிலையம் என்று அப்போது சொன்னார்கள். ஒரே நேரத்தில் 42 கார்களுக்கு இடம்.

எல்லாம் ஒரே வேகம் அல்ல. அங்கேதான் யோசனை இருக்கிறது.

திறந்தபோது 10 இடங்களில் 300 கிலோவாட் வரை ஏறும். 12 இடங்களில் 250 கிலோவாட் வரை ஏறும். மீதி 20 இடங்களில் 7 முதல் 22 கிலோவாட்தான்.

20 இடங்களில் ஏன் மெதுவாக வைத்தார்கள்?

காரை விட்டுவிட்டு பஸ் ஏறி நகருக்குள் போகிறவர் திரும்பி வர நாலைந்து மணி நேரம் ஆகும். அவருக்கு என்ன அவசரம்? மெதுவான கருவியே போதும். அவருடைய காருக்கு வேகமான கருவியைக் கொடுத்தால் அரை மணியில் நிறைந்துவிடும். பிறகு அந்த இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும். பெரிய சாலையில் போகிறவர், டாக்சி டிரைவர் ஆகியோருக்குத்தான் வேகமான கருவி தேவை.

விருந்துக்கு வந்தவருக்கு வாழை இலை. வழிப்போக்கருக்குக் கட்டுச்சோறு. அவரவர் தேவைக்கு ஏற்ற ஏற்பாடு!

பூமிக்கு அடியில் ஓடும் வயர்

கருவியை வாங்கி நட்டுவிடலாம். அது கஷ்டம் அல்ல. மின்சாரத்தைக் கொண்டு வருவதுதான் கஷ்டம்.

42 இடங்களிலும் முழு வேகத்தில் மின்சாரம் ஏறினால் எவ்வளவு வேண்டும்? கூட்டிப் பாருங்கள். 6 ஆயிரம் கிலோவாட்டுக்கு மேல். ஓர் ஊரே ஒரே நேரத்தில் இஸ்திரி போடுவது போல!

அக்கம்பக்கத்து வீடுகளுக்கு மின்சாரம் கொடுக்கும் சாதாரண வயர் இதைத் தாங்காது. பல ஊர்களில் வேகமான சார்ஜ் நிலையம் வரத் தாமதம் ஆவது இதனால்தான். நிலம் தயார். பணம் தயார். வயர் தயார் இல்லை.

ஆக்ஸ்போர்டில் வேறு வழி கண்டார்கள். நகரின் தென்கிழக்கே கௌலி இருக்கிறது. மாரிஸ் கார் தொழிற்சாலை கட்டிய அதே கௌலிதான். நாட்டின் பெரிய மின்சாரப் பாதை வந்து இறங்கும் துணை மின் நிலையம் அங்கே இருக்கிறது. அங்கிருந்து ரெட்பிரிட்ஜ் வரை தனியாக ஒரு வயர் போட்டார்கள். பூமிக்கு அடியில் ஏழெட்டு கிலோமீட்டர்!

அந்த வயர் 10 ஆயிரம் கிலோவாட் வரை கொண்டு வரும். இன்றைய தேவைக்கு மேலேயே இருக்கிறது. நாளை இன்னும் கருவிகள் வைக்க வேண்டுமானால் சாலையை மறுபடி தோண்ட வேண்டாம்.

கௌலியில் பெரிய பேட்டரி ஒன்றையும் வைத்தார்கள். 50 ஆயிரம் கிலோவாட் சக்தி உள்ளது. காற்று நன்றாக வீசும்போது காற்றாலைகள் நிறைய மின்சாரம் தரும். வாங்க ஆள் இருக்காது. அப்போது பேட்டரி அதைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். சாயங்காலம் எல்லா வீட்டிலும் அடுப்பும் விளக்கும் எரியும் நேரத்தில் திருப்பிக் கொடுக்கும். குதிரில் நெல் சேர்த்து வைப்பதைப் போல.

இவை எல்லாம் சேர்ந்த திட்டத்துக்கு 4 கோடியே 10 லட்சம் பவுன் செலவு. சில வீடுகளைச் சூடாக்கும் கருவிகள் வைத்ததும் இதில் அடங்கும். பணத்தில் ஒரு பகுதி சர்க்காரின் ஆராய்ச்சி நிதி. கருவிகளை வைத்து நடத்துவது தனிக் கம்பெனிகள். நிலம் மட்டும் நகரசபையுடையது.

ஏன் நகரசபை நிலம்?

"கம்பெனிகளே நிலம் வாங்கி நடத்தட்டுமே. நகரசபைக்கு ஏன் இந்த வேலை?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

பழைய நகரத்தில் காலி நிலம் கிடைப்பது அரிது. கிடைத்தாலும் அடுக்கு மாடி கட்டினால்தான் போட்ட பணம் திரும்பும். கார் அரை மணி நேரம் நின்று போகும் இடத்துக்கு யார் அந்த விலை கொடுப்பார்கள்? நகரசபையிடமோ மைதானம் ஏற்கனவே இருக்கிறது. கார்கள் அங்கே ஏற்கனவே நிற்கின்றன.

இன்னொரு காரணமும் உண்டு. தனியார் லாபம் வரும் இடத்தில் மட்டும் கடை போடுவார். அது தவறு அல்ல. ஆனால் ஏழைகள் குடியிருக்கும் பக்கம் கடை வராது. ஊருக்கு எது தேவை என்று பார்த்து இடம் கொடுக்க, ஊராரால் தேர்ந்தெடுக்கப்பட்ட சபையால்தான் முடியும்.

லண்டனிலும் இதே கதைதான். 2018 ஜனவரி 1-ந்தேதி முதல், அங்கே புதிதாக லைசென்சு பெறும் டாக்சி மின்சாரத்தில் ஓடக் கூடியதாக இருக்க வேண்டும் என்று விதி வந்தது. விதி போட்டவர்கள் சும்மா இருக்கவில்லை. நகரப் போக்குவரத்து நிர்வாகம் 2020-ம் ஆண்டு முடிவதற்குள் 300 வேகமான சார்ஜ் கருவிகளை வைத்தது. அவற்றில் பல, டாக்சிகளுக்கு என்றே ஒதுக்கப்பட்டன.

நிபந்தனை போட்டால் வசதியும் செய்து தர வேண்டும். அதுதான் முறை!

குறை இல்லையா?

இருக்கிறது. பெரிய குறை விலை.

வீட்டில் இரவு நேரத்தில் ஏற்றும் மின்சாரம் மலிவு. பொது இடத்தில் வேகமாக ஏற்றினால் ஒரு யூனிட்டின் விலை பல மடங்கு. வயர் போட்ட செலவு, கருவியின் விலை, பராமரிப்பு எல்லாம் அதில் சேருகிறது.

போதாததற்கு வரி வேறு. ஆக்ஸ்போர்டு நிலையம் திறந்த 2022-ல், பிரிட்டனில் வீட்டு மின்சாரத்துக்கு விற்பனை வரி நூற்றுக்கு 5. பொது இடத்தில் ஏற்றும் மின்சாரத்துக்கு நூற்றுக்கு 20!

இதன் அர்த்தம் என்ன? சொந்தமாகக் கார் நிறுத்தும் இடம் உள்ளவருக்குக் குறைந்த விலை, குறைந்த வரி. இடம் இல்லாத மாடி வீட்டுக்காரருக்கு அதிக விலை, அதிக வரி. யாருக்காகப் பொது நிலத்தைக் கொடுத்தார்களோ, அவர் தலையில்தான் சுமை ஏறுகிறது.

இன்னொரு குறை, வேலை செய்யாத கருவிகள். பேட்டரி தீரும் நேரத்தில் வந்து நிற்கிறவரிடம் "ரிப்பேர்" என்று அட்டை தொங்கினால் அவர் எங்கே போவார்? ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு அட்டை, ஒவ்வொரு செயலி என்ற தொல்லையும் இருந்தது.

பிரிட்டன் சர்க்கார் 2023-ல் இதற்குச் சட்டம் போட்டது. வேகமான கருவிகள் ஆண்டில் நூற்றுக்கு 99 பங்கு நேரம் வேலை செய்ய வேண்டும். ஒரு யூனிட் என்ன விலை என்று தெளிவாகக் காட்ட வேண்டும். சாதாரண பாங்கு அட்டையைக் காட்டிப் பணம் செலுத்த வசதி வேண்டும். இவை பெரும்பாலும் 2024 நவம்பரில் நடைமுறைக்கு வந்தன.

நடக்க முடியாதவர் சக்கர நாற்காலியில் இருந்தபடியே கருவியை எட்டிப் பிடிக்க வேண்டும். கனமான வயரைத் தூக்க வேண்டும். இதற்கு அளவுகள் சொல்லும் தர விதிகளும் 2022 அக்டோபரில் அங்கே வெளிவந்தன.

நம் நாட்டில்

நம் நாட்டிலும் பொது நிலத்தை இதற்குக் கொடுக்க விதி இருக்கிறது.

மத்திய சர்க்கார் 2022 ஜனவரியில் அந்த விதிகளை வெளியிட்டது. சர்க்கார் நிலத்தைப் பொதுச் சார்ஜ் நிலையத்துக்குக் கொடுக்கலாம். அங்கே விற்கும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 1 ரூபாய் நிலத்துக்காரருக்குச் சேரும். முதலில் 10 ஆண்டுக்குக் கொடுக்கலாம். தனியார் கேட்டால் ஏலம் விட வேண்டும். ஏலம் 1 ரூபாயில் இருந்து தொடங்க வேண்டும்.

நகரங்களில் 3 கிலோமீட்டருக்கு 3 கிலோமீட்டர் என்று கட்டம் கட்டிக்கொண்டு, கட்டத்துக்கு ஒரு நிலையமாவது இருக்க வேண்டும் என்றும் அந்த விதிகள் கூறின.

யூனிட்டுக்கு ஒரு ரூபாய் என்பது நல்ல யோசனை. கார் வராத மாதத்தில் நிலையம் நடத்துகிறவர் வாடகைக்காகத் திண்டாட வேண்டாம். கூட்டம் பெருகினால் ஊருக்கும் வருமானம் பெருகும். விளைச்சலைப் பார்த்து வாரம் கொடுப்பதைப் போல.

ஐந்து கேள்விகள்

எந்த ஊரில் பொது நிலத்தில் சார்ஜ் நிலையம் வந்தாலும், அந்த ஊரார் ஐந்து கேள்விகள் கேட்க வேண்டும்.

1. நிலம் குத்தகைக்கா, விற்பனையா? குத்தகை என்றால் எத்தனை ஆண்டு? நிலம் போனால் திரும்ப வராது.

2. ஒரு யூனிட் என்ன விலை? அதைக் கூட்டும்போது யாரைக் கேட்க வேண்டும்?

3. மின்சாரம் எங்கிருந்து வருகிறது? நாளை பத்துக் கருவி அதிகம் வைத்தால் வயர் தாங்குமா?

4. கருவி கெட்டுப் போனால் எத்தனை நாளில் சரி செய்ய வேண்டும்? செய்யாவிட்டால் என்ன அபராதம்?

5. ஆட்டோ, டாக்சி ஓட்டுகிறவருக்கு இடம் உண்டா? இரவில் ஒரு பெண் தனியாக வந்தால் விளக்கு எரியுமா? கழிப்பறை உண்டா?

இந்தக் கேள்விகளை நிலம் கொடுக்கும் முன்பே கேட்க வேண்டும். கையெழுத்துப் போட்ட பிறகு கேட்டால் பதில் வராது.

மறுபடியும் அந்த மைதானத்துக்கு வருவோம்.

மாலை நேரம். அந்த மூன்றாவது மாடி டிரைவர் தன் டாக்சியை ரெட்பிரிட்ஜில் கொண்டு வந்து நிறுத்துகிறார். வயரை எடுத்து மாட்டுகிறார். அரை மணி நேரம் காலாற நடக்கிறார். அவருக்குச் சொந்தமாகக் கார் நிறுத்த ஓர் அடி நிலம் கிடையாது. ஆனால் ஊருக்கு இருக்கிறது.

பந்தல் நன்றாகத்தான் போட்டிருக்கிறார்கள். தண்ணீரின் விலைதான் கொஞ்சம் குறைய வேண்டும்!